பிணத்துக்கு ஒரு மஞ்சள் கார்டு!

"நடிச்சு விழுறவன் மனுஷனே இல்ல! எமனே வந்து கூப்பிட்டாலும் இந்தப் பலவேசம் நின்னுக்கிட்டேதான் சாவான்!"

தேவதானப்பட்டி அணியின் மேனேஜர், உரக்கடை முதலாளி பலவேசம், ஃபைனல் தொடங்கும் முன் மைக்கைப் பிடித்து அறிவித்தார்.

மனிதகுலம் இதுவரை கேட்ட வாக்குறுதிகளில் இதுவே ஆகப் பெரியது. காமயகவுண்டன்பட்டி மைதானம் கைதட்டியது.

இப்போது கடைசி நிமிடம்!

தேவதானப்பட்டி ஒன்று. லோயர் கேம்ப் பூஜ்யம்.

லோயர் கேம்ப் விஜய்ராஜ் பந்தோடு பெனால்ட்டி பாக்ஸுக்குள் பாய்ந்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்...

விழுந்தான்!

"பெனால்ட்டி!" பாதி மைதானம் அலறியது.

ரெஃப்ரி யுவராணி ஓடி வந்தாள். கம்பம் ஊர்ப் பள்ளியில் பி.டி. டீச்சர். பக்கத்திலிருந்து பார்த்தவள். தேவதானப்பட்டியின் நாலாம் நம்பர் துரத்தினான், தொடவில்லை. யாருமே தொடவில்லை.

நடிப்பு!

மஞ்சள் கார்டை நீட்டினாள்.

"எந்திரிப்பா. நடிச்சது போதும்."

அசைவில்லை.

"விஜய்ராஜ்..."

அப்போதுதான் பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால்... ரத்தம்!

"ஏலே! பொணத்துக்குக் கார்டு காட்டுறாகடா டீச்சரு!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

யுவராணி கார்டைப் பாக்கெட்டில் போட்டாள். குனிந்தாள். புல்லுக்குள் ஒரு சுட்ட களிமண் உருண்டை. கோலிக்குண்டு அளவு. ஒரு பக்கம் மட்டும் சிவப்பு.

யாரும் பார்க்குமுன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் விஜய்ராஜை அள்ளிக்கொண்டு போனது. கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தது. இன்ஸ்பெக்டர் சுருளிராஜன் லத்தியோடு குறுக்கே நின்றார்.

"ஏம்மா, பையன் பொழைப்பானான்னே தெரியலங்காக. ஊரே உன் மேல கொதிக்குது. யாரும் தொடலைன்னா மண்டை எப்படிம்மா ஒடையும்?"

யுவராணி யோசித்தாள். காயம் வலது காதுக்குப் பின்னால். அவன் ஓடி வந்தபோது வலப்பக்கம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்... தேவதானப்பட்டி பெஞ்சு! எல்லாக் கண்ணும் பந்தின் மேல் இருந்தபோது, ஒரு ஜோடிக் கண் மட்டும் குறி பார்த்திருக்கிறது.

"சார், தப்பா ஒரு விசில் ஊதிக்கிறேன்."

"தப்பாவா?"

"தெரிஞ்சேதான் சார்."

இது பலிக்காவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் இனி அவளுக்குக் குக்கர் விசில் மட்டும்தான்.

ஊதினாள்! விரல் பெனால்ட்டி புள்ளியைக் காட்டியது.

"நாலாம் நம்பர் காலை வாரி விட்டான். தலை தரையில மோதிருச்சு. பெனால்ட்டி!"

தேவதானப்பட்டி பெஞ்சின் சாமியானாவுக்குள்ளிருந்து பலவேசம் புயலாக வந்தார்.

"ஏ டீச்சரு! கண்ணு அவிஞ்சு போச்சா? அவன் தொடவே இல்ல!"

"தொட்டான்ணே."

"தொடலங்கிறேன்!"

"அப்ப எப்படி விழுந்தான்? நடிச்சானா?"

"உருண்டை பட்டு விழுந்தவனுக்கு எந்த ஊர்லயாச்சும் பெனால்ட்டி குடுப்பாகளா?"

மைதானமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

யுவராணி கையை விரித்தாள்.

"இந்த உருண்டையாண்ணே? இதை நான் இன்னும் யாருக்கும் காட்டலையே..."

பலவேசத்தின் வாய் திறந்தபடி நின்றது. வெளியே வர வேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லை.

கான்ஸ்டபிள் உமாதேவி பெஞ்சுக்கு அடியிலிருந்த ஐஸ் பெட்டியைத் துழாவினாள். ஐஸோடு சேர்ந்து வந்தது... உண்டிவில்!

"காலுக்குத்தான் சார் குறி வச்சேன்! அந்தப் பய குனிஞ்சு தொலைச்சுட்டான்!" பலவேசம் கத்தினார்.

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது. கேட்டார். முகம் தெளிந்தது.

"பையன் கண்ணு முழிச்சிட்டான்மா. முழிச்சதும் ஒரே கேள்விதானாம்... 'பெனால்ட்டி குடுத்தாகளா?'"

யுவராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அந்தத் தப்பு விசிலை வாபஸ் வாங்கு."

"முடியாது சார். மேனேஜர் வெளிய உக்காந்து எறிஞ்சாலும், பட்ட இடம் பாக்ஸ்னா பெனால்ட்டிதான். ரூல் அப்படி. விஜய்ராஜுக்குக் காட்டுன கார்டைத்தான் வாபஸ் வாங்குறேன்."

சுருளிராஜன் விலங்கை எடுத்தார்.

"வாங்க முதலாளி. கொலை முயற்சி கேசு."

பலவேசம் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு சத்தமே இல்லாமல், வேட்டி கசங்காமல், முதலில் முழங்கால், அப்புறம் தோள் என்று பாக்ஸுக்குள் படுத்தார்.

"நெஞ்சு... வலிக்குது..."

யுவராணி குனிந்து நாடி பிடித்தாள். ஒரு முறை பட்டது போதும் அவளுக்கு.

நாடி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

வாபஸ் வாங்கிய மஞ்சள் கார்டு மறுபடி பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது.

"எந்திரிங்கண்ணே! நின்னுக்கிட்டேதான சாவேன்னீக?"