சாய்வு தொலைந்த காலை

"இத தோசைன்னு சொன்னா, தோசை நம்ம மேல கேஸ் போடும். நீ பேசாம உன் தம்பி வீட்டுக்கே போயிடு" என்றான் கவினேஷ், மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே. பதினெட்டு வருடமாகச் சொல்வதுதான். வழக்கமாகத் தன்ஷிகா சிரித்துக்கொண்டே கரண்டியை ஓங்குவாள். இன்று கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பி வீட்டுக்கே போய்விட்டாள்.

பேசுகிறவரின் சொற்களை அவர் மோவாய்க்குக் கீழே எழுத்தாகக் காட்டும் பேச்சுக்கண்ணாடி வந்ததிலிருந்து ஊரில் யாரும் குரலை நம்புவதில்லை. அன்பா, அதட்டலா என்பது எழுத்தின் தடிமனிலும் சாய்விலும் தெரிந்துவிடும். எது எப்படித் தெரியவேண்டும் என்று அவரவர் ஒப்பனைத்தாளில் வரிவரியாக எழுதிவைக்க வேண்டும். கவினேஷின் தாளில், மனைவியிடம் பேசினால் எழுத்து சாய வேண்டும் என்று ஒரு வரி. சாய்ந்தால் கிண்டல். அவளிடம் அவன் வேறெதுவும் பேசியதில்லை என்பதால் அந்த ஒரு வரியே போதுமாயிருந்தது.

மாலையில் ஸ்ரீரங்கத்தில் மச்சினன் லோகித்தின் வீட்டு வாசலில் நின்றான். லோகித்துக்கு ஒப்பனைத்தாள் பழுதுபார்ப்பதுதான் வேலை.

"தாள எதாவது நோண்டினீங்களா மாமா?"

"உங்கக்கா கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் படிக்கிறா. வெள்ளெழுத்துன்னா ஒத்துக்க மாட்டா. அதான் நேத்து ராத்திரி அவளுக்குத் தெரியாம எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கினேன். தாளோட கடைசியில, எழுத்தப் பத்தின எல்லாத்தையும் ஒரே வரியில சொல்ற சுருக்கவரி ஒண்ணு போட்டேன். வெறும் அளவு போட்டா அசையல. எழுத்துரு பேரையும் சேத்தேன், ஏத்துக்கிச்சு."

"ஏத்துக்கும். அதுக்கு அந்த ரெண்டும் இருந்தா போதும். ஆனா நீங்க சொல்லாம விட்டத அது சும்மா விடாது மாமா, கம்பெனியில இருந்து வந்தப்ப இருந்த மாதிரி ஆக்கிடும். சாய்வ நீங்க சொல்லல. நிமித்திடுச்சு."

"மேலதான் தனியா ஒரு வரி இருக்கேடா!"

"கடைசியா சொன்னதுதான் செல்லும். உங்க வீட்ல கடைசியா பேசுறது யாரு?"

"உங்கக்கா."

"அப்ப வெளக்கவே வேணாம்."

லோகித் சாய்வையும் அதே வரியில், அளவுக்கு முன்னால் சேர்த்தான். தாள் சரியாயிற்று.

தன்ஷிகா உள்ளேயிருந்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "என்ன, நிம்மதியா இருந்தியா?"

அவளைப் பார்த்ததும் கவினேஷுக்கு, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நக்கல் ஒன்றும் வரவில்லை.

"சோறே எறங்கல தன்ஷி. நீ இல்லாத வீட்ல என்னால இருக்க முடியாது."

அவள் அவன் மோவாய்க்குக் கீழே படித்தாள். கண்ணைச் சுருக்கத் தேவையில்லாத பெரிய எழுத்துகள், ஒன்று விடாமல் அழகாகச் சாய்ந்திருந்தன.

தன்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தக் கொழுப்புக்கு மட்டும் கொறச்சலே இல்ல உனக்கு. வா, போலாம்" என்று செருப்பை மாட்டினாள்.

நிஜமாகத்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தான் கவினேஷ். அதுவும் சாய்ந்துதான் வரும் என்று உறைத்ததும் மூடிக்கொண்டான்.