வரித்தகட்டில் பாக்கியமேரி

கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த அன்றே மதலேனாவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. பீங்கான் சூளைப் புகை படிந்த வீட்டில், சமையலறைக்கு எதிர்ச்சுவரில் செத்துப்போன மூத்த தாரம் பாக்கியமேரி. மேலே வரிவரியாக ஒரு பிளாஸ்டிக் தகடு. சிங்கப்பூர்ச் சாமான் கடையில் கண் சிமிட்டும் மாதா படம் விற்றார்களே, அதே வித்தை. நாம் நடந்தால் முகம் அசையும்.

"நானே செஞ்சது," என்றான் புருசன் ஸ்தனிஸ்லாஸ். பீங்கான் பொம்மைகளுக்கு ஈய மெருகு கலக்குகிறவன். "ரெண்டு படத்த மெலிசா நறுக்கி, மாத்தி மாத்தி ஒட்டி, மேல தகடு. இங்க நின்னா ஒண்ணு, நவுந்தா இன்னொண்ணு."

"அக்கா எப்பிடிங்க செத்தாங்க?"

"வயித்து நோவு."

காலைக் காபியை அவன்தான் போட்டான், மெருகுப்பொடி அப்பிய கையோடு. அவளுக்கென்று தனிக் கோப்பை. "குடுத்து வச்சவ!" என்று பக்கத்து வீட்டு நீலாவதி கேலி செய்தாள். சீனி போட மறந்த நாளிலும் நாக்கில் ஒரு தித்திப்பு இருந்தது. பிறகு வயிறு பிடித்து இழுத்தது.

ஒருநாள் கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் நிமிர்ந்தாள்.

படத்தில் கண் திறந்திருந்தது.

கீழே வைத்தாள். மூடியது.

தூக்கினாள். திறந்தது.

உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் அசையவே இல்லை.

"ஏங்க, அக்கா கண்ணத் தொறந்து பாக்கறாங்க."

"பைத்தியமா ஒனக்கு? தொறந்த கண்ணு ஏது? உசுரோட இருக்கையில அவள ஒரு படம்கூட எடுக்கல. ரெண்டுமே சாவு அன்னிக்கி எடுத்தது. தலைய மட்டும் திருப்பி வச்சி எடுத்தாங்க."

அவள் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். "இன்னிக்கி நீங்க குடிங்க."

"ஆறிப்போச்சு," என்று, ஆவி பறந்த காபியை அவன் சாக்கடையில் ஊற்றினான்.

அவன் வேலைக்குப் போனதும் தகட்டைப் பிய்த்துப் பார்த்தாள். நறுக்கி ஒட்டிய காகிதம் முழுக்க மூடிய கண்கள். தகட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ் ஏறினாள். அந்த மகராசியை அங்கேயே விட்டுவர மனசு வரவில்லை.

அண்ணன் வீட்டில் வயிற்றுவலி நின்றது. ஆனால் அண்ணன் நம்பவில்லை. "காபி போட்டுக் குடுக்கற புருசன் மேல பழியா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "மதலேனா, மாப்ள வந்திருக்காரு பாரு. பாவம், ஒனக்குன்னு பிளாஸ்க்குல காபி கொண்டாந்திருக்காரு."

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சாத்தி வைத்திருந்தது வெறும் தகடு. பின்னால் படமில்லை, காகிதமில்லை.

அதில் இரண்டு கண்கள் திறந்தன.