கோஸ்தினின் கண்களுக்குப் பின்னால்

ஸ்மரண்தா நினைவேந்தியின் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டபோது, இளவரசர் கோஸ்தின் இறந்து நானூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கிழக்கு ஐரோப்பாவின் அந்தக் கால மொல்தாவியாவில் நாட்டை ஆள்பவரையே இளவரசர் என்பார்கள். கோஸ்தின் எட்டாண்டுகள் ஆண்டவர். அவருடைய விலா எலும்பின் துகள் ஒன்று பொறியின் கண்ணாடிக் குழாயில் நீலமாக மினுங்கியது.

எலும்பு எதையும் மறப்பதில்லை என்று கண்டுபிடித்து இருபது வருடமாகிறது. அதன் படிகங்களில் உறைந்த நினைவை நினைவேந்தி உயிருள்ள மூளைக்குள் ஊற்றிவிடும். நீதிமன்றங்கள் இறந்தவர்களிடமே சாட்சி கேட்டன. விதவைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் கண்களால் தங்கள் இளமையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஸ்மரண்தாவுக்குக் காரணம் வேறு. அவளுடைய மூதாதை யொர்தாகே, கோஸ்தினுக்கு மது பரிமாறும் அதிகாரியாக இருந்தவர். ஒற்றன் என்று சொல்லி அவர் தலையை வெட்டினார்கள். இன்றும் ஊரில் அவள் குடும்பத்துக்கு 'ஒற்றன் வீடு' என்றுதான் பெயர். அவளுடைய அப்பா அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே கூனிப்போனவர்.

"முடியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்," என்றான் பொறியை இயக்கும் லூபு.

அவள் உள்ளே போனாள்.

முடிசூட்டு நாள். இருபத்துமூன்று வயது கோஸ்தின் தேவாலயத்தில் மண்டியிட்டிருந்தார். நெற்றியில் புனித எண்ணெய் வழிந்தது. அவர் நெஞ்சின் படபடப்பு அவளுக்குள்ளும் அடித்தது. சட்டென்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சுவர்.

ஆண்டுகள் ஓடின. முதலில் நல்ல ஆட்சிதான். பஞ்சத்தில் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். படையெடுத்து வந்தவர்களை ஆற்றங்கரையிலேயே தடுத்தார். ஆனால் திரும்பிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. சாப்பிடும்போது, ஜெபிக்கும்போது, இறந்தே பிறந்த மகனைக் கைகளில் ஏந்தியபோதுகூட. அரண்மனைக் கண்ணாடிகளை எல்லாம் உடைக்கச் சொன்னார். பிறகு, காவலர்கள் இருவரின் கண்களைக் குருடாக்கச் சொன்னார்.

ஏழாம் ஆண்டு, மதிய விருந்து. யொர்தாகே கிண்ணத்தை நீட்டினார். நரைத்த தாடி. ஸ்மரண்தாவின் அப்பாவுக்கு இருக்கும் அதே மூக்கு.

"யொர்தாகே, யாரோ என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யார் அது?"

"அடியேன் மட்டும்தான் பார்க்கிறேன், பிரபு," என்றார் அவர் அன்பாக.

கோஸ்தினின் கை கிண்ணத்தின் மேல் உறைந்தது. 'அவர் இல்லை!' என்று ஸ்மரண்தா தன்னை மறந்து கத்தினாள். இளவரசரின் பிடரி சிலிர்த்தது. தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டதுபோல அவர் எழுந்தார்.

"இந்த ஒற்றனைக் கொண்டுபோங்கள்."

ஸ்மரண்தா கவசத்தைப் பிடுங்கிக் கழற்றினாள்.

"லூபு, நாம் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் மூதாதை ஒற்றனில்லை. ஒற்றன் நான்தான்."

"நடந்து முடிந்ததை நீங்கள் எப்படி மாற்ற முடியும்?"

"மாற்றவில்லை. எப்போதுமே அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே நான் அங்கே இருந்திருக்கிறேன்."

லூபு பதிவுகளைத் தேடினான். "உங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் அவருக்குள் போயிருக்கிறார்கள்," என்றான் கடைசியில்.

அன்றே ஸ்மரண்தா தொல்நினைவுக் கழகத்துக்கு எழுதினாள். யொர்தாகே குற்றமற்றவர். இளவரசரைப் பைத்தியமாக்கியது நாம். தயவுசெய்து அந்த எலும்பை மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கழகம் மரியாதையாகப் பதில் எழுதியது. யொர்தாகேயின் பெயரிலிருந்த களங்கம் நீக்கப்படும். ஆனால் இத்தனை பெரிய கண்டுபிடிப்பை ஒருவர் சொல்லை மட்டும் நம்பி ஏற்க முடியாது. முந்நூறு பேர் தனித்தனியே உள்ளே சென்று உறுதிசெய்வார்கள். பின்னர் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு.

வசந்தத்தில் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. ஸ்மரண்தா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் திரும்பிப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். சிலர் சங்கடத்தோடு ஒதுங்கிப் போனார்கள். வரிசை குறையவில்லை. திருவிழாவுக்குக் கிளம்பியதுபோல உடுத்தியிருந்த ஒரு பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நாம் வந்திருப்பது அவருக்குத் தெரியுமாமே! உள்ளே போனதும் ஒரு வணக்கம் சொல்லலாமா?"

ஸ்மரண்தா வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணின் முறை வந்துவிட்டது.