கடலில் விழுந்தது

ஸ்டோருக்குள் பல்லி கத்தி நாலு நாளாகியிருந்தது.

ஏலக்காய் உலர்த்தும் அந்த இருட்டறையைப் போடி மலையில், குரங்கணிக்கு மேலே எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஐந்தாறு பல்லிகள் அங்கே குடும்பம் நடத்தின. பச்சைக்காய் பரப்பிய தட்டுகளைச் சுற்றும் பூச்சிகளைத் தின்றுகொண்டு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் சாட்சி சொல்லிக்கொண்டு. அடுப்பெரிக்கும் ஒச்சப்பன் பதினோரு வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் காய் புரட்டுகிறான். இப்போது காயோடு காய் உரசும் சலசலப்பு மட்டும் கேட்டது. அதுவும் அடங்கிய பிறகு கேட்க ஒன்றுமில்லை. பூச்சியில்லை. தட்டுக்கடியில் ஊரும் எறும்புமில்லை.

"பல்லி சொன்னாத்தான்டா பலன். சும்மா கிடந்தா பஞ்சாங்கத்துல அதுக்குப் பக்கமே கிடையாது. போய்ச் சோலியப் பாரு," என்றார் எஸ்டேட் மானேஜர் கோட்டைச்சாமி.

அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை. ரேடியோ அவரிடம்தான் இருந்தது. மீசையும் அவரிடம்தான் இருந்தது. தினமும் விளக்கெண்ணெய் தடவி, நுனி முறுக்கி, யாரிடமாவது பேசும் முன் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார், இருக்கிறதா என்று.

இதற்கெல்லாம் முன்னால், தை பிறந்ததும் அந்த ரேடியோ ஒரு சேதி சொல்லியிருந்தது. நடுக்கடலில் அடுத்தவன் போர்க்கப்பல் எங்கே போகிறது என்று வேவு பார்க்க, ஏதோ ஒரு பெரிய தேசம் வானத்தில் சுற்றவிட்ட செயற்கைக்கோள் கெட்டுப்போய்விட்டது, அது கீழே வந்துகொண்டிருக்கிறது, அதன் வயிற்றில் ஓர் அணு உலை. கோட்டைச்சாமி வேலையாட்களைக் கூட்டி வைத்து விளக்கினார். "கப்பலோட கொடிக்கம்பம் வரைக்கும் அங்கேருந்து தெரியும்டா." இரண்டு நாள் கழித்து ரேடியோ, அது கடலில் விழுந்துவிட்டது, யாருக்கும் ஆபத்தில்லை என்றது. கடலுக்கு வாயில்லாததால் அது மறுக்கவில்லை.

மறுநாள் விடியலில் மேட்டுச் சரிவுக்கு விறகு தேடிப் போன ஒச்சப்பன் நின்றுவிட்டான். ஏலச்செடிகள் எல்லாம் பனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் வட்டமாக, கோலம் போட மெழுகிவிட்ட மாதிரி, உலர்ந்து கிடந்தது. நடுவில் படியளவு கறுப்பு உருளை. மேல்தோல் வெங்காயச் சருகாய் உரிந்து, தொட்டால் சாம்பலாய் விரலில் ஒட்டியது. சூடாக இருந்தது.

அதுதான் இது என்று யாருக்கும் தோன்றவில்லை. கடலில் விழுந்ததாக ரேடியோ சொல்லிவிட்ட பிறகு, மலையில் கிடக்க அதற்கு ஏது உரிமை?

சாயங்காலமும் அது ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை. கோட்டைச்சாமியின் கண் விரிந்தது. விறகு வெட்டினால் காட்டிலாகாக்காரன் பிடிக்கிறான். விறகு எரித்தால் புகை ஏறிக் காய் நிறம் மங்குகிறது. "விறகு வேணாம், புகை வேணாம். சாமி குடுத்த அடுப்புடா இது!" ஸ்டோரின் நடுவே அதை வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சை அறுத்தார்கள். தினமும் காலையில் கோட்டைச்சாமியே குனிந்து சூடம் காட்டினார். முதல் லோடு கிளிப்பச்சையாக உலர்ந்து இறங்கியது. போடி ஏலத்தில் அந்தக் காயை அள்ளி முகர்ந்து பார்க்கக் கூட்டம் நின்றதாம். உடனே அவர் ஜில்லா விவசாய ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார்: விறகில்லா உலர் அடுப்பு, கண்டுபிடித்தவர் கோட்டைச்சாமி.

ஒச்சப்பனுக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு ஆறு மாதப் பிள்ளை இருந்தது. பொன்னுமணி. வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக் குளிரில் அவள் நெஞ்சு பூனைபோல் கரகரத்தது. ஸ்டோரில் போடலாமென்றால் முன்பெல்லாம் புகை.

"ஏங்க, இப்பத்தான் புகையே இல்லையே. பிள்ளைய அங்கனயே தொட்டில் கட்டிப் போட்டா என்ன?" என்றாள் அவன் மனைவி சுருளியம்மாள்.

தொட்டிலை ஒச்சப்பன்தான் கட்டினான். உத்தரத்தில், உருளைக்கு நேர் மேலே, முடிச்சை மூன்றுதரம் இழுத்துப் பார்த்து. சுருளியம்மாள் பிள்ளையின் துணிகளை அந்த உருளைமீதே போர்த்தி, சுடச்சுட எடுத்துச் சுற்றினாள். இருமல் நின்றது. பிள்ளை தூங்கினாள். பகலும் தூங்கினாள். பாலுக்கும் எழுப்ப வேண்டியிருந்தது.

அந்தத் தூக்கம்தான் இப்போது அவனைப் பயமுறுத்தியது.

அவன் உள்ளங்கைகள் சிவந்தன. பிறகு கொப்புளித்தன. வாயில் எந்நேரமும் செப்புக்காசைச் சப்பியது போல ஒரு ருசி. கஞ்சி தங்கவில்லை.

"வாந்தி எடுக்க நீ என்ன மாசமாவா இருக்க, மாப்ளே?" என்று சிரித்துக்கொண்டே கோட்டைச்சாமி மீசையைத் தொட்டார்.

மீசை விரலோடு வந்தது.

வலது பக்கம் முழுசாக, வேரோடு, எண்ணெய் மினுமினுப்போடு. வேலைநீக்க உத்தரவைப் படிப்பவர் போல அதைப் பார்த்தார். திரும்ப உதட்டின் மேல் வைத்து அழுத்தினார். அது நிற்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

ஒச்சப்பன் ஓடினான். ஸ்டோருக்குள் வெதுவெதுப்பு. ஏலக்காய் வாசனை. இருட்டு. தொட்டிலுக்குள் கை விட்டுப் பிள்ளையை அள்ளினான். தலை வழவழவென்றிருந்தது. முடி முழுதும் துணியில் கிடந்தது.

அப்போது பல்லி கத்தியது.

ஒரு கணம் அவனுக்கு உயிர் வந்தது. வந்துவிட்டன. பல்லிகள் வந்துவிட்டன. ச்சு. ச்சு ச்சு. சுவரைப் பார்த்தான். உத்தரத்தைப் பார்த்தான். சத்தம் வாசலிலிருந்து வந்தது.

வாசலில் இரண்டு பேர். கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், பின்னால் பனிமூட்டத்தில் பாதி மறைந்த ஜீப்பு. கோட்டைச்சாமியின் கடிதத்துக்குத்தான் வந்திருந்தார்கள். ஆனால் விவசாய ஆபீசர்கள் இல்லை. ஒருவர் கையில் முள் ஆடும் பெட்டி. அதுதான் கத்திக்கொண்டிருந்தது.

அவனை வெளியே போகச் சொன்னார்கள். நீளக் கிடுக்கியால் உருளையைத் தூக்கி, ஈயப் பெட்டிக்குள் போட்டு, மூடி, ஜீப்பில் ஏற்றினார்கள். சந்தனம் குங்குமத்தோடு.

"காய் எங்க?" என்றார் பெட்டிக்காரர்.

"எல்லாம் போடிக்குப் போயிருச்சுங்க," என்றார் கோட்டைச்சாமி, உதட்டைக் கையால் மறைத்தபடி.

பெட்டிக்காரர் தாளில் எழுதியிருந்த வரியை அடித்தார். "இங்க எதுவும் விழல. அது கடல்ல விழுந்திருச்சு. ரேடியோவுலயே சொல்லியாச்சு. யாரும் எதுவும் பார்க்கல. வெளங்குதா?"

"சார்," என்றான் ஒச்சப்பன். "பிள்ளைக்கு என்ன செய்ய?"

நீட்டினான்.

பெட்டி ச்சு என்றது. இன்னொரு தரம். பிறகு இடைவெளி இல்லை. மலையிலிருக்கும் அத்தனை பல்லியும் ஒன்றாகக் கத்துவது போல. பெட்டிக்காரர் ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. பிள்ளையைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தார்.

"அய்யா, பெரியாஸ்பத்திரிக்காச்சும் ஏத்திட்டுப் போங்கய்யா!" சுருளியம்மாள் ஓடி வந்தாள்.

அவர்கள் ஏறிவிட்டார்கள். ஜீப்பைத் திருப்ப வேண்டுமானால் ஒச்சப்பன் நிற்குமிடம் வரை வர வேண்டும். வரவில்லை. பின்னோக்கியே போனார்கள், கொண்டைஊசி வளைவு வரை, கத்தும் பெட்டியோடு. மூட்டம் மூடியது.

பனி இறங்கியது. ஏலச்செடிமேல். கோட்டைச்சாமியின் பாதி மீசைமேல். சுருளியம்மாளின் விரிந்த கூந்தல்மேல். ஒச்சப்பனின் தோளில், முழங்கையில், முத்து முத்தாக.

பிள்ளைமேல் இறங்கவில்லை. அவளைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குக் காற்று உலர்ந்திருந்தது. பொன்னுமணி தூங்கிக்கொண்டிருந்தாள், கதகதப்பாக.