அறுபத்து நான்கு வாசல்கள்

வாசல் தெளிக்க வாளியோடு வந்த செண்பகவல்லி கதவை இழுத்தாள். அசையவில்லை. இரவெல்லாம் பெய்த மழையில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து, நிலையில் காலை ஊன்றி மறுபடி இழுத்தபோதுதான் கவனித்தாள். இரண்டு கதவுகளும் சேருகிற இடத்தில் இருக்க வேண்டிய இடுக்கைக் காணோம். அங்கே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு ஓடியிருந்தது. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. சுவர்களைக் காக்க ஊரில் விட்டிருக்கும் சுண்ணுயிரி வேலை செய்துகொண்டிருந்தால்தான் அப்படி வெதுவெதுப்பாக இருக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

கூடத்தில் மகள் இசக்கியம்மாள் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. விடிந்ததிலிருந்து இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கணவர் சங்கரலிங்கம், பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. பூவாணிப்பேரியின் பழைய வீடுகளெல்லாம் பக்கத்தோடு பக்கம், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. பின்வாசல் என்ற பேச்சே கிடையாது. முற்றத்திலிருந்து ஓட்டுக்கூரை மேல் ஏறித் தப்பிக்கலாம் என்றால், நிறைமாதக்காரியை எப்படி ஏற்றுவது?

கைப்பேசி அடித்தது. எதிர்வீட்டு ஆவுடையப்பன், குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். செண்பகவல்லிதான் தலைவி.

"அக்கா, ஒங்க வீட்டுக் கதவு திறக்கா?"

திறக்கவில்லை என்றாள். பழைய நாலு தெருவிலும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை என்றான். அறுபத்து நான்கு வீடுகளில் இவர்கள் இரண்டு வீடு போக மற்ற எல்லாவற்றிலிருந்தும் அவனுக்கு அழைப்பு வந்துவிட்டதாம்.

சங்கம் ஊருக்குச் செய்த நன்மையைச் சும்மா சொல்லக்கூடாது. நாற்கரச் சாலை வந்த புதிதில் ஆளாளுக்குப் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கண்ணாடி மாளிகை கட்டக் கிளம்பினார்கள். சங்கம்தான் குறுக்கே விழுந்து தடுத்தது. புதுவீடு வேண்டுமா, குளத்துக்குக் கிழக்கே கட்டிக்கொள். நாலு பழைய தெருக்களில் ஒரு செங்கல்லைத் தொடாதே. ஊரும் வளர்ந்தது, பழசும் நின்றது. ஆனாலும் மனுஷப் புத்தி சும்மா இருக்குமா? கல்யாண வீட்டுக்கு எல்லாரும் தூத்துக்குடி போயிருந்த ஒரு நாளில், ஒருத்தர் முன்சுவரை இடித்து இரும்பு ஷட்டர் மாட்டிவிட்டார். செண்பகவல்லி அன்று சாப்பிடவில்லை. அதற்கு மறுவருஷம்தான் சுண்ணுயிரியை ஊருக்குக் கொண்டுவந்தாள்.

சுண்ணுயிரி என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். மழை ஈரத்தைக் குடித்து, காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு கட்டும். எங்கே எவ்வளவு கட்டவேண்டும் என்பதை ஊர்ப்பிரதி சொல்லும். அளவைத்தும்பி என்கிற சின்னச் சின்னப் பறக்கும் பொறிகள் ஊரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு வளைவையும் பூவேலையையும் மயிரிழை பிசகாமல் அளந்து எடுத்துவைக்கும் உருவம்தான் அந்தப் பிரதி. பிரதியில் இருப்பது தெருவில் குறைந்தால் சுண்ணுயிரி அதை நிரப்பிவிடும். இடிப்பவனை விட்டுவைக்கக்கூடாது என்று, உடைத்தால் இரண்டு மடங்கு வேகத்தில் வளரும்படி கேட்டு வாங்கியது செண்பகவல்லி. ஆளுக்கு ஆள் பிரதியை மாற்றிவிடாமல் இருக்க, முதல் வருஷத்தில் ஒரே ஒரு திருத்தம், அப்புறம் ஏழு வருஷத்துக்குப் பூட்டு என்று விதி எழுதியதும் அவள்தான். பிரதியைப் பார்த்துச் சுண்ணுயிரிக்கு ஆணையிடும் கோபுரத்தை அணைத்தாலோ, சுவரெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து வீடு தலையில் விழும். தண்ணீரில் கரைத்துப் பூசிய முதல் வாரத்திலேயே பழைய காரையைத் தின்று தீர்த்துவிட்டு, சுவருக்குள் சுண்ணுயிரியே நிற்கிறது.

நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் கிடைத்தபோது மணி எட்டரை. பிரதியைத் திறந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"மேடம், பிரதியில எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கு. அது மூடுன கதவைத்தான் காப்பாத்துது."

ஆனி மாதம் தும்பிகள் பறந்த அந்தக் காலை செண்பகவல்லியின் கண்முன் வந்து நின்றது. அன்றுதான் தெற்குத்தெரு சொள்ளமாடம் பிள்ளை இறந்துபோனார். பாடை தெருவில் வரும்போது வாசல் கதவைச் சாத்திவைப்பது ஊர் வழக்கம். தும்பிகள் சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டு முகப்புகளை அளந்திருக்கின்றன. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இத்தனை மாதம் காய்ந்து கிடந்த சுண்ணுயிரி ஐப்பசி மழையில் விழித்துக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்கிறது.

குளத்துக்குக் கிழக்கே இருந்தவர்கள் சம்மட்டியோடு ஓடிவந்து வெளியிலிருந்து அடித்தார்கள். அடிக்க அடிக்கச் சுண்ணாம்பு தடித்தது. செண்பகவல்லி உள்ளிருந்து கடப்பாரையால் ஒரு துளை போட்டாள். அதன் வழியே ஒருவரின் கண் தெரிந்தது. அந்த ஆள் பேச வாயெடுப்பதற்குள் துளை மூடிக்கொண்டது. பத்து மணிக்கு இசக்கியம்மாளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

"அம்மா, நான் இதுக்குள்ளயே செத்திருவேனா?"

"வாயக் கழுவு. இன்னும் ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரில இருப்ப."

சொல்லிவிட்டாளே தவிர, கையில் இருந்தது ஒரே ஒரு வழிதான். அந்த ஒரே திருத்தத்தை இப்போதே எடுத்துவிடலாம் என்று நிறுவனத்துப் பெண் சொல்லியிருந்தாள். தும்பிகள் சங்கக் கட்டடத்து மொட்டை மாடியில்தான் இருக்கின்றன. ஒரு சுற்று அளக்கப் பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அறுபத்து நான்கு வாசலும் திறந்திருக்க வேண்டும். ஆனால் உடைத்துத் திறந்த வாசல் இரண்டே நிமிஷத்தில் மூடிக்கொள்கிறதே? அதற்கும் அந்தப் பெண்ணே வழி சொன்னாள். உயிருள்ள உடம்பின் மேல் சுண்ணுயிரி ஏறாது. பாதுகாப்புக்காக முதலிலேயே அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தர் இரண்டு நிலைக்காலையும் தொட்டபடி கைகால் விரித்து நின்றால் போதும், அது அவரைத் தாண்டி வளராது.

ஆவுடையப்பன் வீடு வீடாக அழைத்துச் சொன்னான். சண்டைக்காரர்கள்கூட அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பதினொரு மணிக்குச் சங்கத்துச் சங்கு ஊதியது. நாலு தெருவிலும் கடப்பாரையும் உலக்கையும் அம்மிக்குழவியும் ஒரே நேரத்தில் விழுந்தன. செண்பகவல்லி கதவை உள்ளே இழுத்துத் தள்ளிவிட்டு, வாசற்படியில் ஏறி, கையையும் காலையும் விரித்து நின்றாள். நிலைக்காலிலிருந்து சுண்ணாம்பு அவள் விரல்நுனி வரைக்கும் ஊர்ந்து வந்து நின்றது. எதிரே ஆவுடையப்பன் அதே மாதிரி நின்றான். தெரு நெடுக அப்படியே, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு. தும்பிகள் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று பறந்தன. முதுகுக்குப் பின்னால் மகள் கதறுவதைக் கேட்டும் செண்பகவல்லி திரும்பவில்லை. திரும்பினால் அளவு கெட்டுவிடும் என்று பயம். அவ்வளவு நீளமான பன்னிரண்டு நிமிஷத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

சங்கு மறுபடி ஊதியது. விரல்நுனியில் இருந்த சுண்ணாம்பு பொலபொலவென்று மாவாக உதிர்ந்தது. தெருவே அழுதது, சிரித்தது. ஆட்டோக்காரர் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார். மகளைத் தாங்கலாகப் பிடித்து உள்ளே உட்காரவைத்துவிட்டு, தானும் ஏறப்போனாள் செண்பகவல்லி.

"அக்கா," என்றான் ஆவுடையப்பன். "வாசலப் பாருங்க."

வாசற்படியில் இரண்டு வெள்ளைப் பாதங்கள் இருந்தன. விரலெல்லாம் தெளிவாக, இரண்டாவது விரலில் மிஞ்சி உட்பட, செண்பகவல்லியின் பாதங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் எழும்பியது. ஆவுடையப்பன் வீட்டுப் படியில் அவன் பாதங்கள். தெருவில் யார் வாசலைப் பார்த்தாலும் யாராவது முளைத்துக்கொண்டிருந்தார்கள். தும்பிகளுக்குக் கல் எது, மனுஷர் எது என்று யார் சொல்லிக்கொடுத்தது? நின்றவர்களையும் சேர்த்துத்தான் அளந்திருக்கின்றன.

கைகால் விரித்த சிலை ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், மறுபடியும் வழியில்லை. உள்ளே சங்கரலிங்கம் இருக்கிறார். இருந்த ஒரே திருத்தத்தையும் செலவழித்தாகிவிட்டது.

"இசக்கி, நீ போம்மா. மாப்பிள்ள நேரா அங்க வந்திருவாரு. நான் பொறத்தாலயே வாரேன்."

அது பொய் என்று அவளுக்கே தெரியும். ஆட்டோ கிளம்புவதற்கு முன்பே ஓடிப்போய்த் தன் பாதங்களின் மேல் ஏறி நின்றாள். சூடு பட்டதும் சுண்ணாம்பு இளகி வழிவிட்டது. தெரு முழுக்க அவரவர் அவரவர் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் மூன்று மணிக்கு இசக்கியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. செண்பகவல்லி வாசலில் நின்றுகொண்டே அதைக் கைப்பேசியில் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் கணக்காகப் பழகிக்கொண்டார்கள். வெயில் நாளென்றால் அரை மணி நேரம் வாசலை விட்டு நகரலாம், மழை நாளென்றால் பத்து நிமிஷம். தூங்கும்போது பழைய சேலையால் நிலைக்காலோடு கட்டிக்கொண்டார்கள். ஆள் நின்றால் அது வாசல். யாராவது வந்தால் விலகி வழிவிடலாம். ஆள் போனால் சுவர். மூன்று குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அந்த மூன்று வாசலிலும் அவர்கள் இன்னும் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. சங்கக் கூட்டம் அவரவர் வாசலிலிருந்தே கத்திக் கத்தி நடந்தது. வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்து படம் பிடித்தார்கள். வந்தவரைக் கைவிரித்து வரவேற்கும் ஊர் என்று மரபூர் விருதும் கொடுத்தார்கள். வாங்கப் போக ஆளில்லாமல் தபாலில் வந்தது.

கார்த்திகை மாதம் தூறலோடு இசக்கியம்மாள் குழந்தையைக் கொண்டுவந்தாள். செண்பகவல்லி விலகி வழிவிட்டு, பின்னாலேயே உள்ளே வந்து பேத்தியை வாங்கிக்கொண்டாள். தாத்தாவிடம் காட்டினாள். பால்மணத்தை மோந்துபார்த்தாள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அம்மா கடிகாரத்தையே பார்ப்பது மகளுக்குத் தாங்கவில்லை.

"நீ கொஞ்சம் ஒக்காரும்மா. நான் போயி நிக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போய் நின்றுவிட்டாள். இசக்கியம்மாள் அம்மாவைவிட நாலு விரற்கடை குட்டை. கையும் எட்டாது. அம்மா நிறைத்த இடத்தில் மகள் நிறைக்காத மிச்சம் இருந்தது அல்லவா, சுண்ணுயிரி அதை நிரப்பத் தொடங்கியது. இரண்டு மணிக்கட்டையும் சுற்றி வெள்ளை வளையம் இறுகியது. அவள் போட்ட கூச்சலில் குழந்தை வீறிட்டது. பேத்தியைச் சங்கரலிங்கத்தின் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடிவந்த செண்பகவல்லி, தன் கையை அந்த வளையத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அளவுக்கு உரியவளின் சூடு பட்டதும் இளகியது. மகளை உள்ளே தள்ளிவிட்டுத் தான் ஏறி நின்றாள்.

"எங்ககூட வந்திரும்மா," என்றாள் இசக்கியம்மாள், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. "அப்பாவையும் தூக்கிட்டுப் போயிருவோம். வீடு எப்படியும் போகட்டும்."

"என் பேச்சக் கேட்டுத்தான் இத்தன பேரு நிக்காங்க. நான் மட்டும் எறங்கிப் போனா, இவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மகள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. கைக்குழந்தையை ஓர் இரவுகூட இந்த வீட்டில் படுக்கவைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. செண்பகவல்லி ஒரு கையைத் தூக்கி வழிவிட, அதன் கீழே குனிந்து குழந்தையோடு வெளியே போனாள். ஆட்டோவில் ஏறியதும் பேத்தியின் பிஞ்சுக் கையைப் பிடித்து ஆச்சிக்கு ஆட்டிக் காட்டினாள்.

ஒரு தரம் கையை எடுத்து ஆட்டினால் ஒன்றும் ஆகிவிடாது. பத்து நிமிஷம் இருக்கிறது என்று செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். ஆட்டோ தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அவள் நிலைக்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.