சாவிக்கொத்தும் காணாமல் போன வலியும்

ஸ்கூட்டர் சாவிக்கொத்தைக் காணவில்லை. அதுவும் யார் வீட்டில்? இன்ஸ்பெக்டரம்மா வீட்டில்! ஊருக்கெல்லாம் திருடனைப் பிடித்துத் தருபவள், சொந்த வீட்டில் சாவியைத் தொலைத்தால் மானம் என்னாவது?

காலை பதினொரு மணி. சந்தேகம் இரண்டே பேர் மேல்தான். ஒருவன், அந்த ஸ்கூட்டர் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கும் அவள் தம்பி. இன்னொருவர், சோபாவில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்த அவள் கணவர், டெய்லர். முதுகெலும்பில் டிஸ்க் தேய்ந்துபோய், அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தது. நேற்றுவரை வலியில் தெருவையே கூட்டியவருக்கு இன்று வாயெல்லாம் பல்.

"வலி ஓடியே போச்சு! ஆபரேஷனைக் கேன்சல் பண்ணிடலாம்," என்று இன்னொரு டம்ளர் டீயை உறிஞ்சினார்.

விசாரணை தொடங்கியது.

"சாவி எங்கடா?"

"சத்தியமா நான் எடுக்கலக்கா. எடுத்திருந்தா இந்நேரம் இங்கயா நிப்பேன்?"

நியாயமான பேச்சு. கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இதே இடம்தான். விடிஞ்சதும் வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்ல. பாத்ரூம்கூடப் போகல. போதுமா?"

"எழுந்திருங்க."

சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கிடந்தது கொத்து, அதில் தொங்கும் பித்தளை விசிலோடு. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். டெய்லரும் சேர்ந்துகொண்டார். அவள் மட்டும் கொத்தைக் கையில் எடுத்து, அந்த விசிலின் கூர்முனையைத் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் குத்தலையா?"

"இல்லையே."

"பெட்ஷீட்ல சின்ன சுருக்கம் இருந்தாலே தூக்கம் வரலன்னு புலம்புற ஆளாச்சே நீங்க!" பின்பக்கம் நறுக்கென்று கிள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"டேய், டாக்சி கூப்பிடு. ஆஸ்பத்திரிக்கு."

"சாவிதான் கிடைச்சிடுச்சே, அக்கா?"

"திருட்டுப் போனது சாவி இல்லடா, உணர்ச்சி! இத்தனை டீ குடிச்சும் பாத்ரூம் போகத் தோணல. சாவி மேல உட்கார்ந்தும் தெரியல. வலி ஓடிப் போகல, உடம்பு மரத்துப் போயிருக்கு. குற்றவாளி அந்த டிஸ்க்தான்."

ஸ்கேனைப் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். "வெறும் வலின்னா தேதி குறிச்சு நிதானமா பண்ணலாம். இப்போ டிஸ்க் பிதுங்கி நரம்புகளை மொத்தமா நசுக்குது. தள்ளிப் போட்டா காலும் போகும், மூத்திரக் கட்டுப்பாடும் போகும். இப்பவே தியேட்டருக்குக் கொண்டு போறோம்."

டெய்லரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. "தையல் மெஷின் பெடல் மிதிக்கிற கால்மா," என்றார், அவள் கையைப் பிடித்தபடி. "பயமா இருக்கு."

"எனக்கும்தாங்க," என்றாள் அவள்.

முதலில் ஆபரேஷனுக்குக் குறித்திருந்த அந்தத் தேதியும் வந்தது. டெய்லர் தன் காலாலேயே நடந்து வந்து சோபாவில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஐயோ! யாரு சாவியை இங்க வச்சது?"

"நான்தான்," என்று குற்றத்தை ஒப்புக்கொண்ட இன்ஸ்பெக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவை கத்துங்க."