மூக்கன் நனைத்த கம்பளம்

தடால்!

வினிகர் வாளி கவிழ்ந்து உருண்டது. தட்டிவிட்டவன் மூக்கன். எட்டு வருடமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய், ஒரு வாரமாக இந்தப் படுக்கையறைக் கம்பளத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தான். இப்போது பட்டாணியின் அம்மாவைக் கம்பளத்தில் கைவைக்க விடாமல் குறுக்கே நின்று உறுமினான்.

"போடா கிழவா! செய்யறதையும் செஞ்சுட்டு முறைப்பு வேறயா?" என்று குரலைத் தாழ்த்தி அதட்டினாள் அவள். கட்டிலில் மகள் பட்டாணி காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையிலேயே கணவன் கறாராகச் சொல்லிவிட்டான். "சாயங்காலம் நான் வர்றப்ப நாத்தம் இருந்துச்சு, நாய் இங்க இருக்காது." பட்டாணிக்கோ மூக்கன் என்றால் உயிர்.

நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பழைய துண்டால் ஈரத்தை ஒற்றி, புதிதாகக் கலந்த வினிகர் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி ஒற்றி, மேலே சோடா மாவைத் தூவினாள். புளித்த நெடியும் மூத்திர நெடியும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. கதவுக்கு அப்பால் மூக்கன் பிராண்டிப் பிராண்டி, பச்சைக் குழந்தை அழுவதுபோல் ஊளையிட்டான். அலமாரிப் பக்கத்துக் கறை முடிந்தபோது ஊளை சட்டென்று நின்றது.

நாற்றம் போயிருந்தது. அதன் அடியிலிருந்து வேறொரு வாடை கிளம்பியது. வெகுநாள் மூடிக்கிடந்த ஈரக்குழியின் வாடை.

மிச்சக் கறையைத் தேட ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். ஊதா டார்ச்சை அடித்தாள். காய்ந்த மூத்திரம் அந்த வெளிச்சத்தில் மின்னும்.

மின்னியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்ல. கட்டிலைச் சுற்றி, ஒரு சாண் அகலத்துக்கு, ஒரே வளையமாக. நாய்கள் எல்லை போடுவது எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

வளையத்தில் ஒரே ஓர் இடைவெளி.

அவள் கழுவிய இடம்.

அங்கே சோடா மாவில் தடங்கள். நீள நீளமான விரல்கள். அலமாரியிலிருந்து கட்டிலுக்கு. திரும்பிய தடம் இல்லை.

போர்வை மேடு தட்டியிருந்தது. பட்டாணியைவிட நீளமாக.

"ப... பட்டாணி..."

மகள் அசையவில்லை. கண்கள் மட்டும் திறந்தன.

"கத்தாதம்மா... இப்பதான் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குது."